பழைய உயர்திறன் பொறிகளுக்கான எண்ணெய்த் தேர்வு

பழைய உயர்திறன் பொறிகளுக்கான எண்ணெய்த் தேர்வு என்பது, ஏறத்தாழ 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை வடிவமைக்கப்பட்ட விரைவுத் தானுந்துகள், பந்தயத் தானுந்துகள் ஆகியவற்றின் பொறிகளுக்கு ஏற்ற உயவு எண்ணெயைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் என்ஜின் ஆயில் எனப்படும் இவ்வெண்ணெய், உராய்வைக் குறைத்தல், வெப்பத்தை அகற்றுதல், அழுக்கைச் சுமந்து வடிகட்டியில் சேர்த்தல், துருவைத் தடுத்தல் எனப் பல பணிகளை ஒரே நேரத்தில் செய்கிறது.

இன்று கடைகளில் கிடைக்கும் எண்ணெய்களுள் பெரும்பாலானவை புதிய தானுந்துகளை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை. அவை பல வகைகளில் பழைய எண்ணெய்களைவிட மேம்பட்டவையே. ஆயினும் ஒரு குறிப்பிட்ட அமைப்புடைய பழைய பொறிகளுக்கு அவற்றுள் சில போதிய காப்பை அளிப்பதில்லை. பொருந்தாத எண்ணெயுடன் முதன்முறை இயக்கப்படும் புதிய கேம் தண்டு சில நிமிடங்களிலேயே தேய்ந்து பயனற்றுப் போகக்கூடும். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளையும் எண்ணெய் ஏற்றியையும் கெடுப்பதால், பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்ட ஒரு பொறியை மீண்டும் முழுவதும் பிரிக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. எனவே எண்ணெய்க் கலனின் மேல் அச்சிடப்பட்டுள்ள எழுத்துகளும் எண்களும் எதைக் குறிக்கின்றன என்பதை அறிந்துகொள்வது இத்தகைய வாகனங்களை வைத்திருப்போருக்கு இன்றியமையாதது.

கேமும் டாப்பெட்டும்

பொறியின் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு ஆகும். இத்தண்டில் முட்டை வடிவ முனைப்புகள் உள்ளன. தண்டு சுழலும்போது ஒவ்வொரு முனைப்பும் தன்மேல் அமர்ந்திருக்கும் டாப்பெட் என்னும் சிறு உருளையை மேலே தள்ளுகிறது. டாப்பெட் தள்ளுகோலையும், தள்ளுகோல் நெம்புகோலையும் அசைக்க, வால்வு திறக்கிறது. வலிமையான சுருள்வில் ஒன்று வால்வை மீண்டும் மூடுகிறது. அந்தச் சுருள்வில்லின் விசை முழுவதும் இறுதியில் கேம் முனைப்புக்கும் டாப்பெட்டின் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய ஒரு கோட்டின் மீதே விழுகிறது.

புதிய பொறிகளில் இவ்விடத்தில் பெரும்பாலும் உருளிகள் பொருத்தப்படுகின்றன. உருளி கேமின் மேல் உருண்டு செல்வதால் தேய்மானம் குறைவு. பழைய பொறிகளிலோ டாப்பெட்டின் அடிப்பகுதி பார்வைக்குத் தட்டையாக இருக்கும்; அது கேமின் மேல் சறுக்கிச் செல்கிறது. இவை தட்டை டாப்பெட் எனப்படுகின்றன. உண்மையில் அவை முற்றிலும் தட்டையானவை அல்ல. டாப்பெட்டின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தும், கேம் முனைப்பு ஒரு பக்கம் சிறிதளவு சரிந்தும் கடையப்பட்டிருக்கும். இதனால் டாப்பெட் மேலும் கீழும் அசையும்போதே மெல்லச் சுழல்கிறது. தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. ஏதேனும் ஒரு காரணத்தால் இச்சுழற்சி நின்றுவிட்டால் அந்த முனைப்பு விரைவில் அழிந்துவிடும்.

செவர்லே நிறுவனம் 1955இல் அறிமுகப்படுத்திய சிறுதொகுதி வி8 பொறி தட்டை டாப்பெட் கொண்ட பொறிகளுள் மிகவும் பெயர் பெற்றது. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்குமாறு 1967இல் வெளிவந்த கமாரோ இசட்/28 தானுந்தின் 302 கன அங்குலப் பொறி இதன் ஒரு வடிவமே. இவ்வரிசைப் பொறிகளில் 1987இல்தான் உருளி டாப்பெட்டுகள் இடம்பெறத் தொடங்கின. பந்தயப் பொறிகளில் சிக்கல் இன்னும் கூடுதலாகும். உயர்ந்த சுழற்சி வேகத்தில் வால்வு மிதக்காமல் இருப்பதற்காக வலிமை மிகுந்த சுருள்வில்களும், வால்வை வேகமாகத் திறக்கும் செங்குத்தான கேம் முனைப்புகளும் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டுமே தொடுகோட்டின் அழுத்தத்தை உயர்த்துபவை.

துத்தநாகமும் பாஸ்பரசும்

பொறியின் கிராங்க் பேரிங்குகளில் உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. சுழலும் தண்டு எண்ணெயை ஆப்பு போல் உள்ளிழுத்து அதன்மேல் மிதக்கிறது. இது நீரியக்க உயவு எனப்படும். இங்கு முதன்மையானது எண்ணெயின் பாகுநிலை. கேமுக்கும் டாப்பெட்டுக்கும் இடையிலோ எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியேற்றப்படுவதால், மேற்பரப்புகளின் நுண்ணிய மேடுகள் ஒன்றையொன்று உரசுகின்றன. இது எல்லை உயவு எனப்படும். எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இவ்விடத்தைத் தனியே காக்க இயலாது. வேதிப்பொருளின் துணை வேண்டும்.

அவ்வேதிப்பொருள் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் ஆகும். இது ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இசட்.டி.டி.பி. எனவும், பழுதுநீக்கும் இடங்களில் சுருக்கமாக "ஜிங்க்" எனவும் அழைக்கப்படுகிறது. 1940களில் எண்ணெய் ஆக்சிசனேற்றம் அடைவதையும் பேரிங் உலோகம் அரிக்கப்படுவதையும் தடுப்பதற்காகவே இது சேர்க்கப்பட்டது. தேய்மானத்தைத் தடுக்கும் இதன் ஆற்றல் பின்னரே உணரப்பட்டது. 1950களில் உயர் அமுக்க விகிதம் கொண்ட வி8 பொறிகள் பரவி, கேம்கள் தேயத் தொடங்கியபோது எண்ணெயில் இதன் அளவு உயர்த்தப்பட்டது.

உரசும் இடத்தின் வெப்பமும் அழுத்தமும் இச்சேர்மத்தைச் சிதைக்கின்றன. சிதைந்த பொருள் இரும்புடன் வினைபுரிந்து, ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி போன்ற பாஸ்பேட்டுப் படலமாக மேற்பரப்பில் படிகிறது. பின்னர் உரசும்போது இரும்புக்குப் பதில் இப்படலம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் எண்ணெயிலிருந்து புதிய படலம் உருவாகிறது. மக்கள் துத்தநாகத்தைப் பற்றியே பேசினாலும், காப்புப் படலத்தின் முதன்மையான பணியைச் செய்வது பாஸ்பரஸ் ஆகும். எண்ணெயை ஒப்பிடுவோர் பாஸ்பரசின் அளவையே முதலில் பார்க்க வேண்டும்.

எல்லா இசட்.டி.டி.பி.யும் ஒன்றல்ல. அதன் ஆல்கைல் தொகுதி இரண்டாம் நிலை ஆல்ககாலிலிருந்து பெறப்பட்டிருந்தால் குறைந்த வெப்பநிலையிலேயே சிதைந்து விரைவாகப் படலம் அமைக்கும். முதல்நிலை ஆல்ககாலிலிருந்து பெறப்பட்டது மெதுவாகச் செயற்பட்டு, உயர் வெப்பத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஒரே பாஸ்பரஸ் அளவுள்ள இரு எண்ணெய்கள் வெவ்வேறு விதமாகக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஸ்பரஸ் குறைக்கப்பட்டதன் காரணம்

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளிலிருந்து வினையூக்கி மாற்றிகள் பரவலாகப் பொருத்தப்பட்டன. பொறி எரிக்கும் சிறிதளவு எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், புகைப்போக்கி வழியே சென்று வினையூக்கியின் மேற்பரப்பை மூடி அதைச் செயலிழக்கச் செய்கிறது. மாற்றிகள் நெடுங்காலம் உழைக்க வேண்டும் எனச் சட்டங்கள் வலியுறுத்தியதால் எண்ணெயிலுள்ள பாஸ்பரசுக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டது.

அமெரிக்க பெட்ரோலியக் கழகம் (ஏ.பி.ஐ.) பெட்ரோல் பொறி எண்ணெய்களை எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் வகைகளாகப் பிரித்துள்ளது. எஸ்.ஏ. முதலாவது, 2025இல் வந்த எஸ்.கியூ. அண்மையது. 1990களின் தொடக்கத்தில் வந்த எஸ்.எச். வகையை ஒட்டிய தானுந்துத் தொழில்துறைத் தரத்தில் பாஸ்பரசின் உச்ச வரம்பு 0.12 விழுக்காடு. 1996இல் எஸ்.ஜே.யுடன் அது 0.10 ஆகவும், 2004இல் எஸ்.எம். வகையுடன் 0.08 ஆகவும் குறைந்தது. எஸ்.எம்.மில் 0.06 விழுக்காடு என்னும் கீழ்வரம்பும் விதிக்கப்பட்டது. 0.08 விழுக்காடு என்பது பத்து இலட்சத்தில் 800 பங்கு. தட்டை டாப்பெட் கேம்களை விற்போர் பொதுவாக 1,200 பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கேட்கின்றனர்.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. இந்த உச்ச வரம்பு எல்லாப் பாகுநிலைத் தரங்களுக்கும் பொருந்தாது. எரிபொருள் சேமிப்புக்கு உரியனவாகக் கருதப்படும் 5டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களையே அது கட்டுப்படுத்துகிறது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றில் அதே எஸ்.எம். அல்லது எஸ்.என். முத்திரையின்கீழ் கூடுதல் பாஸ்பரஸ் இருக்கலாம். ஆனால் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கலனின் முன்புறத்தில் விண்மீன் வெடிப்புப் போன்ற வட்ட முத்திரை இருந்தால் அது வரம்புக்குட்பட்ட எண்ணெய் என்பது உறுதி. முத்திரை இல்லாத எண்ணெய்க்குத் தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளைப் பார்ப்பதே நம்பகமான வழியாகும்.

புதிய வகைகள் புதிய பொறிகளின் நோய்களுக்கான மருந்துகள் என்பதையும் நினைவிற்கொள்ளலாம். 2020இல் வந்த எஸ்.பி. வகை, நேரடி எரிபொருள் தெளிப்பும் டர்போவும் கொண்ட சிறு பொறிகளில் தாழ்வேகத்தில் நிகழும் முன்பற்றலைத் தடுக்கும் சோதனையை உள்ளடக்கியது. கார்புரேட்டர் கொண்ட ஒரு 1967ஆம் ஆண்டுப் பொறிக்கு அந்நோயே கிடையாது.

மாற்றுக் கருத்துகள்

0.08 விழுக்காடு பாஸ்பரஸ் போதாது என்னும் கருத்தை எல்லாரும் ஏற்கவில்லை. புதிய எண்ணெய்களும் கேம் தேய்மானச் சோதனையில் தேறியவையே; தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே உள்ள, ஏற்கெனவே பழகித் தேய்ந்த பொறிகளுக்கு அவை போதும் என்பது ஒரு சாராரின் வாதம். கேம் அழிவுகளுள் பலவற்றுக்குத் தரம் குறைந்த டாப்பெட்டுகளும், மிகையான சுருள்வில் விசையும், தவறான முதல் ஓட்டமும் காரணம் என்றும் அவர்கள் சுட்டுகின்றனர். இதில் உண்மை உண்டு. அதே வேளை, எஸ்.எம். காலத்துச் சோதனைக்குப் பயன்பட்டது நிசானின் 2.4 லிட்டர் மேல்நிலைக் கேம் பொறி. அதில் சறுக்கும் தொடர்பு உண்டெனினும், பந்தயச் சுருள்வில் பொருத்திய தள்ளுகோல் வி8 பொறியின் நிலைமையை அது காட்டுவதில்லை.

அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைப் பந்தயத் தொடரில் 2014ஆம் ஆண்டுப் பருவம் வரை தட்டை டாப்பெட்டுகளே விதிமுறையாக இருந்தன. 2015இல்தான் உருளி டாப்பெட்டுகள் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சந்தை எண்ணெய்களில் பாஸ்பரஸ் குறைந்ததால், ஜோ கிப்ஸ் ரேசிங் அணி தனக்கென எண்ணெய்க் கலவையை உருவாக்கும் நிலைக்கு வந்தது. அது பின்னர் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. சாதாரணச் சாலைப் பொறிக்கு ஐயத்துக்குரிய ஒன்று, பந்தயப் பொறிக்கு உண்மைச் சிக்கலாகவே இருந்தது என்பதற்கு இது சான்று.

பாகுநிலை

பாகுநிலை என்பது பாய்மம் ஒன்று ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. பொறி எண்ணெய்களின் பாகுநிலைத் தரங்களை அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் கழகத்தின் (எஸ்.ஏ.ஈ.) ஜே300 என்னும் தரநிலை வரையறுக்கிறது. 100 பாகை செல்சியசில், 30 என்னும் தரம் நொடிக்கு 9.3 முதல் 12.5 சதுர மி.மீ. வரையிலும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையிலும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையிலும் அடங்கும்.

20டபிள்யூ-50 போன்ற பல்தர எண்ணெய் குளிரில் 20 ஆகவும் சூட்டில் 50 ஆகவும் கெட்டிப்படுகிறது என்னும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. எந்த எண்ணெயும் சூடாகும்போது இளகவே செய்யும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குளிர்நிலைச் சோதனையிலும், பின்னுள்ள எண் 100 பாகைச் சோதனையிலும் பெறப்பட்டது. இரண்டும் தனித்தனி அளவுகோல்கள்.

எவ்வளவு பாகுநிலை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பொறியின் வயது அன்று. பேரிங்கின் இடைவெளியும் எண்ணெயின் வெப்பநிலையும் ஆகும். பழைய அமெரிக்கப் பொறிகளைக் கட்டுவோர் தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி என்னும் கைக்கணக்கைப் பின்பற்றுகின்றனர். 2.5 அங்குலத் தண்டுக்கு 0.0025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.06 மி.மீ. இவ்விடைவெளியில் பொறிகளுக்கு 30 அல்லது 40 தரம் போதுமானது. பந்தயத்துக்காக இடைவெளியைக் கூட்டிக் கட்டப்பட்ட பொறியும், எண்ணெய் 120 பாகைக்கு மேல் சூடாகும் பொறியும் 50 தரத்தைக் கேட்கும். ஒரே பொறி, வார இறுதியில் மெல்ல ஓட்டப்படும்போது ஓர் எண்ணெயையும், கோடையில் தடத்தில் அரைமணி நேரம் விரட்டப்படும்போது வேறோர் எண்ணெயையும் விரும்பலாம்.

கெட்டியான எண்ணெய் எப்போதும் பாதுகாப்பானது என்பதும் சரியன்று. எண்ணெய் அழுத்தமானி உயர்ந்த அளவைக் காட்டுவது, ஓட்டத்துக்கு எதிர்ப்பு மிகுந்துள்ளது என்பதையே காட்டுகிறது. பேரிங்குக்குப் போதிய எண்ணெய் செல்கிறது என்பதை அன்று. அழுத்தம் மிகும்போது விடுவிப்பு வால்வு திறந்து எண்ணெயின் ஒரு பகுதி மீண்டும் தொட்டிக்கே திரும்பிவிடும். கெட்டி எண்ணெய் தன் உள்ளுராய்வாலேயே கூடுதலாகச் சூடாகிறது, திறனையும் விழுங்குகிறது. ஒவ்வோர் 1,000 சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் என்னும் பழைய கைக்கணக்கு அமெரிக்க வி8 பொறிகளுக்கு இன்றும் பயன்படுகிறது. சூடான பொறியில் அந்த அளவை எட்டும் எண்ணெய்களுள் மெல்லியதே பொருத்தமானது.

பல்தர எண்ணெயில் பாகுநிலை மேம்படுத்திகள் என்னும் நீண்ட பலபடி மூலக்கூறுகள் கரைந்துள்ளன. இவை பொறியில் துண்டிக்கப்படும்போது எண்ணெய் தன் தரத்தைவிட மெல்லியதாகிவிடும். 1959இல் பிரித்தானியாவில் வெளிவந்த மினி தானுந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இடத்தை மிச்சப்படுத்தக் கியர்ப்பெட்டி பொறியின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டது. பொறிக்கும் பற்சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய். பற்சக்கரங்கள் பலபடி மூலக்கூறுகளை அரைத்துத் துண்டாக்குவதால் தாக்குப்பிடிக்கக்கூடிய 20டபிள்யூ-50 எண்ணெயே அதற்கு வழக்கமாயிற்று. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ பேரணியில் வென்ற மினி கூப்பர் எஸ் தானுந்துகளும் இவ்வமைப்பையே கொண்டிருந்தன. மினியின் ஏ வரிசைப் பொறியில் டாப்பெட்டும் தட்டையானதே. ஆகவே இப்பொறிக்கு எண்ணெய் தெரிவு செய்வோர் பாஸ்பரஸ், துண்டிப்பைத் தாங்கும் ஆற்றல் ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் தானுந்தின் 1,489 கன செ.மீ. பெட்ரோல் பொறி, இதன் உறவான பி வரிசையைச் சேர்ந்தது.

காற்றால் குளிர்விக்கப்பட்ட போர்ஷே 911 (1964–1998) வேறு வகை. இதில் குளிர்நீர் இல்லாமையால் வெப்பத்தின் பெரும்பகுதியை எண்ணெயே சுமக்கிறது. எண்ணெய் தனித்தொட்டியில் வைக்கப்பட்டுச் சுற்றுகிறது. பிந்தைய மாதிரிகளில் அதன் அளவு 10 லிட்டரைத் தாண்டும். போர்ஷே நிறுவனமே தன் பழைய தானுந்துகளுக்கென விற்கும் எண்ணெய்களில், 2.7 லிட்டர் வரையிலான பொறிகளுக்கு 20டபிள்யூ-50 தரத்தையும், 3.0 லிட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 10டபிள்யூ-60 தரத்தையும் பிரித்து வைத்துள்ளது. ஒரே பெயருடைய தானுந்துக்கும் ஒரே எண்ணெய் பொருந்துவதில்லை.

கனிம எண்ணெய், செயற்கை எண்ணெய், ஆமணக்கெண்ணெய்

தொடக்ககாலப் பந்தயங்களில் பெரிதும் விரும்பப்பட்டது ஆமணக்கெண்ணெய். அதன் மூலக்கூறுகள் முனைவுத்தன்மை உடையவை, உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் உலகப் போர்க் கால வானூர்திகளின் சுழல் பொறிகளிலும் இதுவே பயன்பட்டது, ஏனெனில் பெட்ரோலில் இது எளிதில் கரைவதில்லை. 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு இலண்டனில் தொடங்கிய நிறுவனம் தன் எண்ணெய்க்கு இட்ட கேஸ்ட்ரால் என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. இது சூட்டில் பிசினாக இறுகிப் பொறியின் உட்பகுதியில் படிவதும், கனிம எண்ணெயுடன் சரியாகக் கலவாமையும் இதன் குறைகள். அடிக்கடி பிரித்துத் துடைக்கப்படும் பந்தயப் பொறிக்கு இக்குறை பொருட்டன்று. சாலைத் தானுந்துக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது.

செயற்கை எண்ணெய் பழைய பொறிக்கு ஆகாது என்னும் கருத்து 1970களில் தோன்றியது. அக்காலத்துச் செயற்கை எண்ணெய்களுள் சில ரப்பர் அடைப்பான்களைச் சுருங்கவோ வீங்கவோ செய்தன. இன்றைய கலவைகளில் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. பழைய பொறியில் செயற்கை எண்ணெய் ஊற்றியவுடன் கசிவு தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் படிந்திருந்த கசடு கரைந்து, ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளிப்படுவதால் நிகழ்வது. கயிற்று அடைப்பான் கொண்ட மிகப் பழைய பொறிகளில் கனிம எண்ணெயைத் தொடர்வது தொல்லையற்றது. வெப்பம் மிகுந்த தடப் பயன்பாட்டில் செயற்கை எண்ணெயின் மேன்மை ஐயத்துக்கிடமற்றது. கேமைப் பொறுத்தவரை, கனிமமா செயற்கையா என்பதைவிடச் சேர்மானம் எது என்பதே முதன்மையானது.

பந்தய எண்ணெயும் சாலை எண்ணெயும்

பந்தய எண்ணெய் என்னும் பெயர் கவர்ச்சியானது. அதில் பாஸ்பரஸ் மிகுதி. ஆனால் கசடு நீக்கிகளும், அமிலத்தை நடுநிலையாக்கும் பொருட்களும், துருத் தடுப்பான்களும் பெரும்பாலும் குறைவு. கசடு நீக்கிகளும் உலோகப் பரப்பில் இடம்பிடிக்க இசட்.டி.டி.பி.யுடன் போட்டியிடுவன, ஆகவே அவற்றைக் குறைப்பது பந்தயத்துக்கு நன்மை. ஒரு பந்தயத்துக்குப் பின் வடித்துவிடும் எண்ணெய்க்கு நீண்டகாலக் காப்புத் தேவையில்லை.

சாலையில் எப்போதாவது ஓட்டப்பட்டு மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் பழந்தானுந்துக்கு இது நேர்மாறான தேவை. எரிதலில் உருவாகும் நீரும் அமிலமும் எண்ணெயில் தங்கி, நிற்கும் பொறியின் பேரிங்குகளை அரிக்கின்றன. கார்புரேட்டர் கூடுதலாக விடும் பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை இளக்குகிறது. இத்தகைய தானுந்துக்குப் போதிய பாஸ்பரசும் முழுமையான துருக்காப்பும் சேர்ந்த, பழந்தானுந்துக்கென்றே கலக்கப்பட்ட எண்ணெய் ஏற்றது. ஓடிய தூரம் குறைவாயினும் ஆண்டுக்கொருமுறை, அதுவும் நெடுநாள் நிறுத்தி வைப்பதற்கு முன், எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. மெதனால் எரிக்கும் பந்தயப் பொறிகளில் எரிபொருளும் நீரும் எண்ணெயோடு சேர்ந்து பால்போன்ற குழம்பாவதால், ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் மாற்ற வேண்டியிருக்கும்.

டீசல் எண்ணெய்களைப் பழைய பெட்ரோல் பொறிகளுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. முன்பு அவற்றில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தது. 2006இல் வந்த சி.ஜே.-4 வகையில் அதற்கும் 0.12 விழுக்காடு வரம்பு விதிக்கப்பட்டது. அந்த அளவு இன்னும் பயனுள்ளதே எனினும், டீசல் எண்ணெயில் கசடு நீக்கிகள் மிகுதி என்பதால் பந்தயச் சுருள்வில் கொண்ட பொறிக்கு அதை நம்பியிருக்க முடியாது.

முதல் ஓட்டம்

தட்டை டாப்பெட் பொறியின் வாழ்நாளில் மிக ஆபத்தான காலம் புதிய கேம் தண்டின் முதல் அரைமணி நேரம். மேற்பரப்புகள் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. காப்புப் படலமும் உருவாகவில்லை. கேம் முனைப்புகளிலும் டாப்பெட்டின் அடியிலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசை பூசப்படுகிறது. எண்ணெய் ஏற்றியைத் தனியே சுழற்றி, பொறி முழுவதும் எண்ணெய் நிரப்பிய பின்னரே பொறி இயக்கப்படும்.

தொகுதிக்குள் கேம் அமைந்த பல பொறிகளில் முனைப்புகளுக்கு அழுத்தத்துடன் எண்ணெய் செல்வதில்லை. கிராங்க் தண்டு சுழன்று வாரி இறைக்கும் எண்ணெயே அவற்றை நனைக்கிறது. பொறி மெதுவாக ஓடினால் போதிய எண்ணெய் தெறிக்காது. எனவே பொறி பற்றியவுடன் 2,000 முதல் 2,500 சுற்று வரை வேகத்தை உயர்த்தி, இருபது முதல் முப்பது நிமிடம் சற்றே ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். எரிபொருளும் பற்றவைப்பு நேரமும் முன்பே சரிசெய்யப்பட்டிருப்பது இதற்காகத்தான். பொறி பற்றாமல் நெடுநேரம் ஸ்டார்ட்டரால் சுழற்றப்படுவதே பல கேம்களுக்கு எமனாகியுள்ளது. வலிய சுருள்வில் கொண்ட பொறிகளில் முதல் ஓட்டத்துக்கு மட்டும் உட்சுருள்வில்லை நீக்கிவிடுவதும் உண்டு. இதற்கெனப் பாஸ்பரஸ் மிகுந்த தனி எண்ணெய்கள் விற்கப்படுகின்றன. ஓட்டம் முடிந்தவுடன் அவற்றை வடிகட்டியோடு மாற்றிவிட வேண்டும்.

மிகையும் குறையும்

சாதாரண எண்ணெயில் கலப்பதற்கென இசட்.டி.டி.பி. சிறு புட்டிகளாகவும் விற்கப்படுகிறது. குறைபாடுள்ள எண்ணெயை இதனால் ஓரளவு மேம்படுத்த முடியும். ஆனால் அளவு கூடக்கூட நன்மையும் கூடும் என்பது பிழை. பாஸ்பரஸ் 0.14 விழுக்காட்டைத் தாண்டினால் நெடுங்காலத் தேய்மானம் உயரக்கூடும் என்றும், 0.20ஐ நெருங்கும்போது சேர்மமே இரும்பைத் தாக்கி மேற்பரப்பைப் பொரித்தெடுக்கும் என்றும் பொறியாளர்கள் எச்சரித்துள்ளனர். ஏற்கெனவே பாஸ்பரஸ் நிறைந்த எண்ணெயில் மேலும் ஒரு புட்டியை ஊற்றுவோர் இவ்வெல்லையைக் கடக்க வாய்ப்புண்டு.

வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்ட பழந்தானுந்துகளில், கேமைக் காக்கும் எண்ணெய் மாற்றியின் ஆயுளைக் குறைக்கும். பொறி எண்ணெயைக் குடிக்காத நிலையில் இருந்தால் இந்த இழப்பு சிறிது. ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதையும் துத்தநாகம் குறைந்ததையும் சிலர் குழப்பிக்கொள்கின்றனர். ஈயம் காத்தது வால்வு இருக்கைகளை. துத்தநாகச் சேர்மம் காப்பது கேமை. ஒன்றின் குறையை மற்றதால் நிரப்ப முடியாது.

பழைய தானுந்துக்குப் பழைய எண்ணெயே சிறந்தது எனக் கருதி, சேர்மானம் ஏதுமற்ற எண்ணெயைத் தேடுவது இன்னும் பெரிய பிழை. எஸ்.ஏ. வகை எண்ணெய் 1930க்குப் பின் கட்டப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் பொறிகளுக்கும், எஸ்.பி. என இன்று அழைக்கப்படுவதினின்றும் வேறான பழைய இரண்டாம் வகை 1951க்குப் பின் கட்டப்பட்டவற்றுக்கும் ஏற்றதன்று என அமெரிக்க பெட்ரோலியக் கழகமே அறிவித்துள்ளது. அவ்விரு வகைகளின் ஆங்கில எழுத்துகள் வேறாயினும் தமிழில் ஒலிப்பு ஒத்திருப்பதால், கலனில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கண்காணித்தல்

தெரிவு செய்த எண்ணெய் பொருந்துகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய எண்ணெயை ஆய்வகத்தில் நிறமாலைப் பகுப்பாய்வு செய்தால் அதிலுள்ள உலோகங்களின் அளவு தெரியும். இரும்பு உயர்ந்தால் கேம், டாப்பெட், சிலிண்டர் சுவர் ஆகியவற்றையும், ஈயமும் செம்பும் உயர்ந்தால் பேரிங்குகளையும் ஐயுற வேண்டும். ஒருமுறை பெற்ற முடிவைவிட, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெற்ற முடிவுகளின் போக்கே பொருள் தருவது. ஆய்வக வசதி இல்லாதோர் கழற்றிய வடிகட்டியை வெட்டிப் பிரித்து, அதன் மடிப்புத் தாளில் காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். வால்வு இடைவெளி கையால் சரிசெய்யப்படும் பொறிகளில் இன்னும் எளிய குறிப்பு ஒன்று உண்டு: குறிப்பிட்ட ஒரு வால்வின் இடைவெளி மட்டும் சரிசெய்த சில நாட்களிலேயே மீண்டும் மீண்டும் அகன்றால், அதற்குரிய கேம் முனைப்பு தேய்ந்துகொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் எண்ணெயை மாற்றுவதால் பயனில்லை. கேம் தண்டையும் டாப்பெட்டுகளையும் ஒருசேர மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டின்மேல் புதிய டாப்பெட்டையோ, ஒரு முனைப்புக்குப் பழகிய டாப்பெட்டை வேறொரு முனைப்பிலோ பொருத்தக் கூடாது.